அடுக்களையில் ஓர் எபிரெயப் பாடம்

"பெண்டாட்டி பிள்ளை உள்ளவர் சாமியாருக்குப் படிக்கலாமா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். கத்தோலிக்கச் சாமியார்கள் மணம் செய்வதில்லை. எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் போதகர்களுக்குக் குடும்பம் உண்டு.

என் தம்பி 32 வயதில் வேலையை விட்டுவிட்டு, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சேர்ந்தான். 1969-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் இறையியலைத் தமிழிலேயே படிக்கலாம். இப்போது தம்பி பெண்டாட்டியின் தையல் மெஷின்தான் குடும்பத்தை ஓட்டுகிறது.

சொத்தும் பிள்ளைகளும் பறிபோய்க் கலங்கின யோபுவின் கதை என்றால் அவனுக்கு உயிர். நல்லவர்களுக்கு ஏன் துன்பம் என்று நடுராத்திரி வரை படிப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கண் விழிப்பது அவள்! ஒருநாள் சொல்லிவிட்டாள்: "யோபுகிட்டே கேட்கிற கேள்வியை என்கிட்டயும் ஒரு தடவை கேளுங்க."

அன்றிலிருந்து சாயங்காலம் 7 முதல் 8 வரை புத்தகம் மூடியிருக்கும். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது அவன் வேலை.

எபிரெய எழுத்து 22-ம் மனசில் நிற்காமல் அவன் திணறினபோது, மாவாட்டிக்கொண்டே அவள் "ஆலெப், பேத், கிமெல்..." என்று மளமளவென ஒப்பித்ததைப் பார்க்கணுமே! தமிழ் பைபிளில் 119-ஆம் சங்கீதத்தின் 22 பகுதிகளுக்கும் அந்த எழுத்துகள்தானே தலைப்பு! ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது.

சகோதரிகளே, வீட்டுக்காரர் எதைப் படித்தாலும் "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேளுங்கள். அழுகிற பிள்ளையையும் கொஞ்ச நேரம் அவர் மடியில் போடுங்கள். அதுவும் இறையியல்தான்!