கதவில் ஒட்டினீர்கள், கதவைத் தட்டினீர்களா?

தனியாக இரு என்றீர்கள், அதிகாரிகளே. நான் வேறு எப்படி இருக்கிறேன்? கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தண்டையார்பேட்டையில் இந்த ஒற்றை அறைக் குடித்தனத்தில் நான் ஒருத்திதான். மகளை ஆரணியில் கட்டிக் கொடுத்தாயிற்று. காசிமேட்டில் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தவள் நான். 2020 மார்ச் 24 சாயங்காலம், கொரோனா என்று ஊரை அடைத்தீர்கள். கூடை மூலைக்குப் போனது. ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, அரிசி வந்தது. வாங்கியதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆயிரம் எத்தனை நாளைக்கு வரும்?

வேறு வழியில்லாமல் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனேன். ஜூனில் அந்த வீட்டுப் பெரியவருக்குத் தொற்று. என் பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் என் கதவில் நோட்டீஸ். உள்ளே நுழையாதே என்று கொட்டை எழுத்தில். 14 நாள் வெளியே வரக் கூடாது, வந்தால் வழக்கு என்றார்கள்.

சரி. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? தெரு அடிபம்பில் இருக்கிறது. கக்கூஸ்? பின்கட்டில், எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒன்று. அரிசி வாங்கி வர யார்? சுகர் மாத்திரைக்கு யார்? ஒட்டியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே!

பக்கத்துக் குடித்தனத்துப் பெண் வாசலில் தள்ளி நின்று சொன்னாள்: "ஆயா, பகல்ல பின்னாடி வராத. கொழந்தைங்க கீது." அவள் பிள்ளைக்கு முள் எடுத்து மீன் ஊட்டியவள் நான். அவளையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏப்ரலில், கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்த ஊர் இது. நோயாளிகளைப் பார்த்த டாக்டருக்கே அந்தக் கதி. மீன்காரிக்கு யார் இரங்குவார்கள்?

அதனால் சாப்பாட்டைக் குறைத்தேன். பசியில்லாமல் இல்லை. சாப்பிட்டால் கக்கூஸ் போக வேண்டுமே, அதற்காக. ஊர் அடங்கிய பிறகு, திருடியைப் போல, இருட்டில் பின்கட்டுக்குப் போய் வந்தேன். இருந்த தண்ணீரில் குடிப்பதற்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் முகம் துடைத்தேன். குளிக்கவில்லை. மகள் போனில் அழுதாள். ஊர் விட்டு ஊர் வர இ-பாஸ் கேட்டாள், கிடைக்கவில்லை. அப்புறம் என் போனில் காசு தீர்ந்தது. யார் குரலும் இல்லாமல் எத்தனை ராத்திரி! செத்தால் நாற்றம் வந்துதான் தெரியும் என்று நினைத்தபடியே படுத்தேன். ஒரு பெண்பிள்ளையை இப்படி நினைக்க வைத்தது நோயா, நீங்களா?

எனக்கு நோயே வரவில்லை ஐயா!

தொற்று எங்களுக்குப் புதிதா? காலராக்காரர்களைச் சேர்க்கிற தொற்றுநோய் மருத்துவமனை எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. டிவியில் தினமும் மண்டலவாரியாகக் கணக்குச் சொன்னீர்கள். ராயபுரம் இத்தனை, தண்டையார்பேட்டை இத்தனை. தெருவுக்குத் தகரம் அடித்தீர்கள், பிளீச்சிங் பவுடர் போட்டீர்கள். அந்தக் கணக்கில், தனியாகக் கிடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா?

மார்ச்சில் ஆழ்வார்பேட்டையில் நடிகர் கமல்ஹாசனின் கட்டடத்தில் தவறாக ஒட்டிய நோட்டீஸை உடனே எடுத்தார்கள். என் கதவில் ஒட்டியது கெடு முடிந்த பிறகும் கிடந்தது. நானே நகத்தால் சுரண்டினேன். அதற்கப்புறமும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளிகளின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று அதே வருடம் டிசம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஜூனில் நான் பட்டதை யார் திருப்பித் தருவார்கள்?

காசு கேட்கவில்லை. இவ்வளவுதான் கேட்கிறேன். உங்கள் தெருவில் தனியாக இருக்கிற கிழவன், கிழவி யார் யார் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். இன்னொரு நோய் வந்து கதவில் எதை ஒட்ட வந்தாலும், முதலில் கதவைத் தட்டுங்கள். தண்ணீர் இருக்கிறதா, சாப்பிட்டாயா, மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். மறுநாளும் வந்து கேளுங்கள். இதைச் செய்ய முடியாதவர்களுக்கு, ஒரு மனுஷியைக் கதவுக்குள் அடைக்கிற உரிமை கிடையாது.