வழி வகுத்தல்

செஞ்சியில் மூன்று குன்றுகள் உள. மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் இணைத்து நெடுமதில் ஒன்று முக்கோணமாக வளைந்து செல்கின்றது. மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் பெயரால் 12 கோட்டைகளை யுனெசுகோ நிறுவனம் 2025 ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இத்துணைச் சிறப்பு வாய்ந்த கோட்டையைக் காண வருவோருட் பலர், காலையில் வந்து, ஒரு குன்றிற் பாதி ஏறி, நண்பகலுக்குள் அடுத்த ஊருக்கு விரைகின்றனர். ஒரே நாளில் ஐந்து இடங்களைக் கண்டோம் என்பது அவர்தம் பெருமை. கண்டது யாது என்று வினவினால் விடை வருவதில்லை. இது கால்களின் குறையன்று. புறப்படுமுன் வழி வகுத்த முறையின் குறையே ஆகும்.

பல வாரங்கள் முதுகிற் சுமையோடு நடந்து ஒரு நாட்டைக் காண விழைவோர் உலகெங்கும் உளர். அவருள்ளும் இப்பிழை செய்வோர் உண்டு. நிலப்படத்தை விரித்து, கேள்வியுற்ற ஊர்களையெல்லாம் குறித்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து, அதனையே திட்டம் என்று கருதுகின்றனர். ஊர்களின் பட்டியல் திட்டமாகாது. ஒருவர் ஒரு நாளிற் சோர்வின்றி நடக்கக்கூடிய தொலைவே திட்டத்தின் அளவுகோல். அதனாற் பயணத்தை அளந்த பின்னரே, காணவேண்டியவை எவை, விடவேண்டியவை எவை என்பது விளங்கும்.

இவ்வுண்மையைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். தென்னமெரிக்காவில் இன்கா மன்னர் ஆண்ட காலத்தில், ஆண்டிசு மலைத்தொடரை ஒட்டி 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகள் அமைந்திருந்தன. சக்கர வண்டி அந்நாட்டில் வழங்கவில்லை. மக்கள் கால்நடையாகவே சென்றனர். இலாமா என்னும் விலங்கு சுமை தாங்கிற்று. ஆதலின் ஏறத்தாழ ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் ‘தம்போ’ எனப்படும் தங்கல் மனைகளை அவ்வரசு எழுப்பி, அவற்றில் உணவுப் பொருள்களைச் சேமித்து வைத்தது. இன்றும் பெரு நாட்டில் மச்சு பிச்சுவுக்கு மலைவழியே நடந்து செல்வோர், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குசுகோ நகரில் இரண்டு மூன்று நாள் தங்கி, அங்குள்ள மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொள்வது வழக்கம். மழை மிகும் பிப்ரவரித் திங்களில் அந்நடைவழி ஆண்டுதோறும் மூடப்படுகின்றது. அங்கே திட்டத்தை வகுப்பவை உடலும் பருவமுமே, ஆசை அன்று.

தமிழ்நாட்டிலோ வழி கூறுதலே ஓர் இலக்கிய வகையாக வளர்ந்தது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனை வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகளுள் இரண்டு, செஞ்சிக்குக் கிழக்கும் மேற்கும் உள்ள நிலங்களைச் சார்ந்தவை. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனது கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கம். மலைபடுகடாத்தைப் பாடிய பெருங்கௌசிகனார், வழியின் அழகை மட்டும் கூறி அமைந்தாரல்லர். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, கால் வழுக்கும் இடம், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், இரவில் ஒதுங்கத்தக்க குகை, வழியிற் கிடைக்கும் உணவு ஆகிய அனைத்தையும் எடுத்துரைக்கின்றார். நடந்தவன் நடக்கப் போகின்றவனுக்குக் கூறும் சொல் அது.

அவ்விரு நூல்களின் நிலத்தையும் இணைத்து இன்று ஒரு மூன்று வாரப் பயணத்தை வகுக்கலாம். திண்டிவனத்தினின்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் வரை நேர்வழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்தில் அரை நாளிற் கடக்கத்தக்க தொலைவு அது. செஞ்சிக்குத் தென்கிழக்கே சென்று, முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி அமைத்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலையும், தளவானூரையும், இராசசிம்மன் எடுத்த பனமலைக் கோயிலையும் கண்டு மீள்வதாயின், மேலும் 50 கிலோமீட்டர் கூடலாம். சுமையோடு நடப்பவர் ஒரு நாளில் 15 கிலோமீட்டர் கடப்பதாகக் கொண்டால், நடைக்கு மட்டும் 10 நாள் வேண்டும். எஞ்சுவன 11 நாள்.

அவற்றுட் செஞ்சிக்கு நான்கு நாள் கொள்க. மூன்று குன்றுகளுக்கும் மூன்று நாள். நான்காம் நாளிற் சிங்கவரம் குகைக்கோயிலையும், 24 தீர்த்தங்கரர் உருவங்களைத் தாங்கி நிற்கும் திருநாதர்குன்றையும் காணலாம். 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் பழைய கல்வெட்டு ஒன்று அக்குன்றில் உள்ளது. மேல்சித்தாமூருக்கு ஒரு நாள், திருவண்ணாமலைக்கு இரு நாள், செங்கத்திற்கு ஒரு நாள். இவ்வாறு எட்டு நாள் கழியும். மிஞ்சிய மூன்று நாளை வாரத்திற்கு ஒன்றாக வெறுமையாகவே விட்டுவைத்தல் வேண்டும்.

நாளை வெறுமையாக விடுவது வீண் என்று சிலர் எண்ணலாம். அவர் செஞ்சியின் வரலாற்றையே நோக்குக. ஔரங்கசீப்பால் சம்பாசி 1689 ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டார். பின்னர் அவர் தம்பி இராசாராம், பன்ஹாளாக் கோட்டையினின்று மறைந்து புறப்பட்டு, கேளடி அரசி சென்னம்மாவின் துணையைப் பெற்று, பெங்களூர், வேலூர் வழியாக அவ்வாண்டு நவம்பரிற் செஞ்சியை அடைந்தார். ஒரு திங்களுக்கு மேற்பட்ட அப்பயணம் நன்கு வகுக்கப்பட்டது. உடன் வந்தோர் மாற்றுடை பூண்டு, சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து சென்றனர். பெங்களூரில் ஐயம் எழுந்தபோது, சிலர் அங்கேயே தங்கித் துன்பத்தை ஏற்க, இளவரசர் வேறு வழியே தப்பினார் என்று மராட்டிய வரலாற்று நூல்கள் கூறும். திட்டத்தில் மாற்றத்திற்கு இடமிருந்தமையால் அவர் உயிர் பிழைத்தார். காய்ச்சல், மழை, கால்வலி ஆகியவை நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. அவற்றிற்கு இடம் ஒதுக்காத திட்டம் முதல் இடையூற்றிலேயே சிதைந்துவிடும். இடையூறு நேராவிடின், அவ்வெற்று நாள் ஓர் ஊரின் மக்களோடு அமர்ந்து உரையாடும் நாளாக அமையும்.

பருவமும் கருதத்தக்கது. மாணவர்க்கு நீண்ட விடுமுறை கிடைப்பது கோடையில். அக்காலத்திலோ செஞ்சிப் பாறைகள் அனலெனக் கொதிக்கும். ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள இராசகிரியில் ஏறுவது உடலுக்குக் கேடு விளைக்கும். நடத்தற்கு ஏற்றவை சனவரியும் பிப்ரவரியும். அப்போது பள்ளி நடைபெறும். ஆதலின் மூன்று வாரப் பயணத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, ஆண்டுதோறும் அரையாண்டு விடுமுறையில் ஒரு வாரம், ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையோடு நடத்தலே அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழை நீடித்தால் புறப்பாட்டைத் தள்ளிவைக்கவும் துணிதல் வேண்டும். திருவண்ணாமலைக்குச் செல்லும் நாள் முழுநிலா நாளாயின், மலைவலம் வரும் பெருங்கூட்டத்தில் தங்க இடம் கிடைப்பது அரிது. அதனையும் நாட்காட்டியில் முன்னரே நோக்குதல் நன்று.

கைப்பேசியே வழி காட்டும்போது இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று வினவுவோர் உளர். கைப்பேசி தொலைவைக் காட்டும், திருப்பங்களைக் காட்டும். அவ்வுதவி சிறியதன்று. ஆயின் சிற்றூர்க் கிணற்றில் இம்மாதம் நீர் உண்டா, ஏரிக்கரை வழி மழையில் உடைந்துள்ளதா, எத்திண்ணையில் இரவு தங்கலாம் என்பவற்றை அவ்வூரில் வாழ்பவரே அறிவர். பெருங்கௌசிகனாரின் பாடல் கூறியவை இத்தகைய செய்திகளே.

வரும் விடுமுறைக்கு வழி வகுக்க விரும்பும் மாணவர், அவ்வழியில் முன்பு நடந்து சென்ற பெரியவர் ஒருவரை அணுகிக் கேட்பாராக. பின்னர்த் தம் சுமையை முதுகிலேற்றி ஒரு நாள் நடந்து, தம்மால் இயலும் தொலைவை அளந்து அறிவாராக. அதன்பின் நிலப்படத்தை விரித்து, காணவேண்டிய ஊர்களைக் குறிப்பாராக. இயலாத ஊர்களின் பெயர்களை மனங்கலங்காது அடித்துவிடுவாராக. அவ்வூர்கள் எங்கும் சென்றுவிடா. அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.