உபகாரச் சம்பளத்துக்கு முந்திய செலவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகரங்களில், எட்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளையை மறு ஆண்டு கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஒன்றில் சேர்த்துவிட வேண்டுமென்று கருதும் பெற்றோர், கோடை விடுமுறை முடிந்த கையோடு ஒருவகைக் கலக்கத்துக்கு ஆளாகிறார்கள். நியூயார்க் உயர்மறைமாவட்டத்துப் பள்ளிகளுக்கும் புரூக்ளின் மறைமாவட்டத்துப் பள்ளிகளுக்கும் பொதுவாக நவம்பர் மாதத்தில் 'டாக்ஸ்' என்னும் தேர்வு நடைபெறுகிறது; நாட்டின் வேறு பல மறைமாவட்டங்களில் 'ஹெச்.எஸ்.பி.டி.' என்பது வழக்கிலிருக்கிறது. மன்ஹாட்டனில் இயேசு சபையார் நடத்தும் ரீஜிஸ் பள்ளியோ தனக்கென்று ஒரு தேர்வையே வைத்துக்கொண்டிருக்கிறது. இயேசு சபையாரின் பள்ளிகளைத் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் கண்டறிந்த நம் வாசகர்களுக்கு, அவற்றின் வாயிலில் இடத்துக்காகக் காத்து நிற்கும் பெற்றோரின் முகபாவத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கலக்கத்தை மூலதனமாகக் கொண்டு அங்கே செழித்து வளர்ந்திருக்கும் டியூஷன் வர்த்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேர்வின் ஸ்வரூபத்தைப் பார்ப்போம். ஹெச்.எஸ்.பி.டி. தேர்வில் ஐந்து பகுதிகள்; மொத்தம் 298 கேள்விகள்; அவற்றுக்கு அளிக்கப்படும் அவகாசமோ இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. முதற்பகுதியான சொல் திறனில் மாத்திரம் 60 கேள்விகளுக்கு 16 நிமிஷம், அதாவது கேள்விக்கு 16 விநாடி. ஒரே பொருளுடைய சொல் எது, எதிர்ப்பதம் எது, நான்கில் இனத்தோடு சேராதது எது என்று கேட்டுக்கொண்டே வந்து, முதலிரண்டு வாக்கியங்கள் மெய்யானால் மூன்றாவது மெய்யா, பொய்யா, நிச்சயிக்க முடியாததா என்று தர்க்க சாஸ்திரத்திலும் நுழைந்துவிடுகிறது அந்தப் பகுதி. நியூயார்க் தேர்விலோ, மடித்த காகிதத்தில் துளையிட்டுப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே தோன்றும் என்று மனக்கண்ணால் காணும்படி ஒரு பகுதி உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவுதான் புத்திசாலியாயிருந்தாலும், இவற்றை அதுவரை கண்ணாலேயே பார்த்திராவிட்டால், கேள்வி என்ன கேட்கிறது என்று விளங்கிக்கொள்வதற்குள்ளாகவே அதற்குரிய விநாடிகள் கழிந்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதையும், ஆகவே எதையும் வெறுமையாக விடலாகாது என்பதையும் ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கும் பிள்ளைக்கும் சொல்லாத பிள்ளைக்கும் இடையே, கல்வியில் அணுவளவு வித்தியாசமும் இல்லாமலே, பல மதிப்பெண்கள் வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறது.

ஆகவே தயாரிப்பு என்று நாம் பொதுப்பட வழங்குவதில் இரண்டு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தேர்வின் உருவத்தோடும் வேகத்தோடும் பரிச்சயம் பெறுவது. இதற்குச் சில வாரங்களும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகிய சில மாதிரித் தாள்களும், செய்த பிழையைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கக்கூடிய ஒரு மனிதரும் போதும். மற்றது, வாசிப்பு. நீண்ட கதைகளையும் சரித்திர நூல்களையும் ஐந்தாம் வகுப்பிலிருந்தே படித்து வந்த பிள்ளையின் சொற்களஞ்சியத்தை, அக்டோபர் மாதத்தில் அட்டைகளில் எழுதி உருப்போட்ட சொற்பட்டியலால் ஈடு செய்துவிடலாம் என்று சொல்பவர் யாராயிருந்தாலும் அவரை நம்ப நான் தயாராயில்லை. பின்னத்தையும் சதவிகிதத்தையும் அவசரமின்றி, ஏன் என்று கேட்டுக் கற்ற பிள்ளையின் கணிதமும் அத்தகையதே. இந்த இரண்டாவது தயாரிப்பை எந்த டியூஷன் நிலையமும் விற்க முடியாது. முதலாவதை மாத்திரமே விற்க முடியும், விற்கவும் செய்கிறது.

எளிதில் கைவரக்கூடிய இந்த முதல் தயாரிப்பு விலைக்கு விற்கப்படுவதால் நேரும் அநியாயம் எது? நுழைவுத் தேர்வு என்ற பெயரைக் கேட்டவுடன், தவறியவர்கள் வாயிலிலிருந்து திருப்பியனுப்பப்படுவார்கள் என்றே நாம் நினைக்கிறோம். ரீஜிஸ் போன்ற சில பள்ளிகளைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயினும் பல கத்தோலிக்கப் பள்ளிகளில், ஏழாம் எட்டாம் வகுப்பு மதிப்பெண்களும் ஆசிரியர்களின் சிபாரிசும் சேர்த்துப் பார்க்கப்படுவதால், ஓரளவு படிக்கும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும் பாடன்று. அங்கெல்லாம் இத்தேர்வு நிர்ணயிப்பவை இரண்டு: பிள்ளை எந்த வகுப்புப் பிரிவில் உட்காருவது என்பது ஒன்று, திறமைக்கென்று வழங்கும் உபகாரச் சம்பளம் யாருக்கு என்பது மற்றொன்று. குடும்ப வருமானத்தைப் பார்த்து அளிக்கும் கட்டணச் சலுகை வேறு. அதை நான் இங்கே குறிக்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து அளிக்கும் பணத்தையே குறிக்கிறேன். பயிற்சிக்குப் பணம் கொடுக்கக்கூடிய குடும்பத்தின் பிள்ளை அந்தப் பயிற்சியினால் சில மதிப்பெண்கள் உயர்ந்து உபகாரச் சம்பளத்தைப் பெற்றுவிட, பயிற்சிக்கு வழியில்லாத குடும்பத்தின் பிள்ளை, வீட்டில் ஸ்பானிஷ் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளை, முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டியவனாகிறான். அல்லது அந்தப் பள்ளியையே மறந்துவிடுகிறான். தர்மத்துக்கென்று ஒதுக்கிய பணம், அது யாருக்கு அதிகம் தேவையில்லையோ அவரை நாடிப் போகும்படியாக, ஒருவரும் தீய எண்ணம் கொள்ளாமலே, ஏற்பாடு அமைந்துவிட்டது.

இந்தப் பள்ளிகள் யாருக்காகத் தோன்றின என்பதை நினைத்தால் இந்த விபரீதம் இன்னும் உறுத்துகிறது. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களும், பின்னர் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற இடங்கள் அவை. ஒவ்வொரு தேவாலயத்துக்கும் அருகே இரண்டாண்டுக்குள் ஒரு பள்ளி எழும்ப வேண்டுமென்று ஆயர்கள் 1884-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் கூடித் தீர்மானித்தபோது, செல்வர்களின் பிள்ளைகளை அவர்கள் மனத்தில் வைத்திருக்கவில்லை. கன்னியர் மடத்துச் சகோதரிகள் ஏறக்குறைய ஊதியமின்றியே உழைத்ததனால் கட்டணம் குறைவாயிருந்தது. 1960-களின் மத்தியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணாக்கர் அங்கே படித்தார்கள். சகோதரிகள் குறைந்து, சம்பளம் பெறும் ஆசிரியர்கள் வந்து, கட்டணம் ஏறிய பின்னர், மாணாக்கர் தொகை 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ரீஜிஸ் பள்ளியோ, காலஞ்சென்ற முன்னாள் நியூயார்க் மேயர் ஹ்யூ ஜே. கிராண்டின் மனைவி ஜூலியா கிராண்ட் தம் பெயரை வெளியிடாமல் அளித்த கொடையினால் 1914-இல் தொடங்கி, இன்றளவும் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இந்தப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிய விதத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். அந்தனி பிரைக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட நூலில், கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளை முன்னேற்றியதற்குரிய காரணங்களுள், எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே கடினமான பாடத்திட்டத்தை வைத்ததை முக்கியமாக எடுத்துக் காட்டினார்கள். அப்படியானால், ஒரு சனிக்கிழமைக் காலையின் மதிப்பெண்ணைக் கொண்டு முதல் நாளிலேயே பிள்ளைகளை மேலென்றும் கீழென்றும் பிரித்து அமர்த்துவது, அந்தப் பள்ளிகள் தங்கள் பலத்தைத் தாமே விட்டுக்கொடுப்பதாகும் என்பது என் அபிப்பிராயம்.

தேர்வையே எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சிபாரிசுக் கடிதத்தைக் காட்டிலும் கேள்வித்தாள் பல சமயங்களில் ஏழையிடம் அதிக நேர்மையோடு நடந்துகொள்கிறது. நான் கேட்பதெல்லாம், தேர்வை வைக்கும் மறைமாவட்டமே அந்தத் தேர்வுக்கு அறிமுகமும் செய்துவைக்க வேண்டும் என்பதுதான். செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் பங்குக் கோவில்களின் மண்டபங்களைத் திறந்து வைத்து, அரசாங்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளையையும் வேற்று மதத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, மாதிரித் தாள்களை இலவசமாகக் கொடுத்து எழுதவைக்கலாம். பிழை திருத்த, அந்தந்த உயர்நிலைப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களே போதும். இயேசு சபைப் பள்ளிகளில் சமூக சேவைக்கு இத்தனை மணி நேரம் என்பது எப்படியும் கட்டாயமாயிருக்கிறது. தங்கள் தேர்வுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்தால் தேர்வின் மதிப்பு குறையும் என்று பள்ளி நிர்வாகிகள் ஆட்சேபிப்பார்களானால், அந்த மதிப்பு டியூஷன் நிலையங்களால் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்றும், குறைந்தது ஒரு பக்கத்துக்கு மாத்திரமே என்றும் அவர்களுக்குப் பதில் சொல்லலாம். செலவுக்குப் பணம் எங்கே என்றால், ஆண்டுதோறும் உபகாரச் சம்பள நிதிக்கு வாரி வழங்கும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் தரும் டாலரில் ஒரு பகுதியைத் தேர்வுக்குப் பின் வழங்குவதற்குப் பதிலாகத் தேர்வுக்கு முன் செலவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வதில் என்ன தடையிருக்கிறது?