ஏன் என்று கேட்கட்டும்!

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை மறந்திருக்கமாட்டீர், தோழர்களே! 2024 ஜூனில், அங்கும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. பணம் பசி போக்கும், பள்ளிக்கும் அனுப்பும். 'அப்பா ஏன் குடித்தார்?' என்று அந்தப் பிள்ளை கேட்டால், பதில் சொல்ல யார் இருக்கிறோம்?

அவ்வூருக்கு மேற்கே கல்வராயன் மலை. ஜாகீர்தாருக்கு உழைத்து, ஏன் என்று கேளாமலே தலைமுறைகள் தேய்ந்த மலை. 1976-ல்தான் அந்த ஆதிக்கம் ஒழிந்தது. அன்று வாய்பொத்தி நின்றவரின் பேரன் இன்று உண்டு உறைவிடப் பள்ளியிலே புத்தகம் விரிக்கிறான். விடுமுறையிலே கைப்பேசியில் உலகைப் பார்க்கிறான். அது காட்டுவதில் மெய் எது, பொய் எது? கேட்டுப் பழகிய பிள்ளைக்கே அது புரியும்.

மேடையிலே முழங்குகிறோம், பகுத்தறிவு, பகுத்தறிவு என்று! வீட்டிலே மகள் 'இது ஏன்?' என்றால், 'வாயை மூடு' என்கிறோம். நாமுந்தான், மறைப்பானேன்? உழைத்த அலுப்பு, உண்மை. அலுப்புக்கு ஜாகீர்தார் குரலா மருந்து?

இன்றிரவு கடைப்பக்கம் திரும்பாமல் நேரே வீடு செல்வோம். மகள் கேட்கட்டும். விடை தெரியாவிட்டால், 'தெரியாதம்மா, நாளை படிப்பகத்திலே சேர்ந்து தேடுவோம்' என்போம்.