காலைத் தேய்த்து நடந்தால் பரம்பரை என்று விட்டுவிடாதீர்கள்

மறதி நோய் வந்த பெரியவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கத் தொடங்கினால், கோலார் தங்கவயல் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "அவங்க அம்மாவும் கடைசியில இப்படித்தான் இருந்தாங்க." இல்லையென்றால், "மைன்ஸ்ல இறங்கி இறங்கித் தேஞ்ச உடம்பு."

சுரங்கத்தின் மேல் பழி போடுவதற்கு ஆதாரம் குறைவு. மாங்கனீசுத் தூசி பார்க்கின்சன் போன்ற நடையைத் தரும் என்பது தெரிந்ததே. இங்கே வெட்டியது தங்கம் கலந்த குவார்ட்ஸ் பாறை. அதன் தூசி தின்றது நுரையீரலை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஏபிஓஇ மரபணுவின் நான்காம் வகை அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. லூயி பாடி டிமென்ஷியாவின் வாய்ப்பையும் கூட்டுகிறது. இந்த இரண்டாவது நோயில்தான் உடல் விறைப்பு, குறுகிய அடி, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் அந்த மரபணு வகையைச் சுமந்தும் கடைசிவரை ஞாபகம் கெடாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. ஒரே மரபணுவால் நிச்சயமாக வரும் டிமென்ஷியா அபூர்வம், அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்தவை. நம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயதைத் தாண்டிய 10,000 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் இலக்கோடு ஆய்வு நடத்திவருவது அதனால்தான் முக்கியம்.

எனக்குக் கவலை தருவது வேறு. பரம்பரை என்று சொன்னதும் தேடல் நின்றுவிடுகிறது. இரவில் கத்துகிறார் என்று கொடுத்த ஹாலோபெரிடால், தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு — மூன்றுமே இந்த விறைப்பைக் கொண்டுவரக்கூடியவை. லூயி பாடி நோயாளிக்கு ஹாலோபெரிடால் உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையில் நீர் தேங்கினாலும் நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, மறதி வரும். அறுவை சிகிச்சையால் பலருக்கு நடை தேறுகிறது. பி12 குறைவு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பால் வரும் சின்னச் சின்னப் பக்கவாதங்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா அட்டைகளையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். மாரிக்குப்பத்தில் விடியுமுன் பெங்களூரு ரயில் ஏறி இருட்டியபின் திரும்பும் மகனுக்கு அப்பாவின் பகல் நடை தெரியாது. கூடவே இருக்கும் மருமகள் போகட்டும். மாமனார் நடப்பதை, திரும்புவதை, நாற்காலியிலிருந்து எழுவதை போனில் படம்பிடித்துக் காட்டட்டும். நடை மாறியது எந்த மாத்திரைக்கு முன், எதற்குப் பின் என்று அவளால்தான் சொல்ல முடியும்.