ஏழு வயசுக்குப் பதினொன்றரை மணி நேர ஷிப்டு

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆச்சுங்க. காலையில 7 மணிக்கெல்லாம் தடப்பள்ளி வாய்க்கால் ரோட்டுல மஞ்ச வேனுங்க வரிசையா போகுது. நடவு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. ஒரு மாசமா மனசுல கிடந்ததை இன்னைக்கு எழுதிடறேன். படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்குக் கோவம் வரும். வரட்டும்.

மே மாசம் பேத்தி வந்திருந்தா. கோயமுத்தூர்ல இருக்கிற என் மக பெத்த புள்ள. வயசு 7, இப்ப மூணாவது போறா. வந்த அன்னைக்குச் சாயங்காலம் தென்னந்தோப்புல விட்டு "விளையாடு கண்ணு"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. அப்புறம் என்கிட்ட வந்து, "அப்புச்சி, அடுத்து என்ன?"ன்னு கேட்டா.

"அடுத்து ஒண்ணுமில்ல சாமி."

"இல்ல, இது எத்தனை மணி வரைக்கும்? அது முடிஞ்சா என்ன?"

எனக்குப் பதில் தெரியல. ராத்திரி அவ அம்மாகிட்ட போன்ல, "புள்ளைக்கு என்னென்ன கிளாஸ்டா?"ன்னு கேட்டு, ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதிக்கிட்டேன். காலையில ஆறே காலுக்குக் கீபோர்டு, முக்கால் மணி நேரம், வீட்டுலயே செல்போனைப் பார்த்து. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் இந்தி. செவ்வாய், வியாழன் அபாகஸ். சனிக்கிழமை கையெழுத்து, பரதநாட்டியம். ஞாயித்துக்கிழமை செஸ்.

பண்ணையக்காரனுக்கு ஆள் கணக்கு போட்டே பழக்கம். இதையும் போட்டேன். பள்ளிக்கூடம் எட்டரையில இருந்து மூணரை வரைக்கும், 7 மணி நேரம். வேன்ல போக வர ஒன்றரை. காலைக் கிளாஸ் முக்கால். சாயங்காலக் கிளாஸ் ஒண்ணே கால். வீட்டுப்பாடம் 1. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். வேன்ல போறதை வேலையில சேர்க்கலாமான்னு கேட்பீங்க. சரி, கழிச்சிடுங்க. 10 மணி நேரம்.

1948-ல போட்ட தொழிற்சாலைச் சட்டம், வளர்ந்த ஆளுக்கே ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுன்னு வெச்சிருந்துச்சு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ற மசோதாவை நம்ம சட்டசபையில நிறைவேத்துனப்ப, தொழிற்சங்கம், கட்சின்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. மே தினத்தன்னைக்கு அதை வாபஸ் வாங்குறதா முதலமைச்சர் அறிவிச்சார். சந்தோசம். என் வயல்ல நாத்து நடுற பொம்பளைங்க காலையில 8 மணிக்கு இறங்குனா மத்தியானம் 2 மணிக்குக் கரையேறிடுவாங்க. அஞ்சு நிமிசம் தாண்டினா "என்னங்க, மணி பார்க்கலையா?"ன்னு சத்தம் வரும். ஏழு வயசுப் புள்ளைக்கு அந்தச் சத்தம் போட யாருங்க இருக்காங்க? அதுக்குச் சங்கமும் இல்ல, மே தினமும் இல்ல.

அந்த ஒரு மணி நேர வீட்டுப்பாடத்தையும் சொல்லணும். போன வருசம் அவ ரெண்டாவது. 2018-லயே சென்னை உயர் நீதிமன்றம் ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற புள்ளைங்களுக்கு வீட்டுப்பாடமே குடுக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. அதே வருசம் மத்திய அரசும் சுற்றறிக்கை விட்டுச்சு. அந்த ரெண்டு வகுப்புக்கும் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னும் அதுல இருந்துச்சு. "ஸ்கூல்ல அவ்வளவா குடுக்கறதில்லீங்கப்பா, அபாகஸ்லயும் இந்தியிலயும் குடுக்கறதுதான்"னா மக. கோர்ட்டு வாசல் வழியா வெளிய அனுப்புனதை, நாம காசு குடுத்துச் சன்னல் வழியா உள்ள இழுத்துப் போட்டுக்கிட்டோம்.

அபாகஸை நான் குறைச்சுப் பேசல. மேல ஒரு மணி, அதுக்கு அஞ்சு. கீழ நாலு மணி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. ஜப்பான்காரன் அதை வெச்சுக் கடையில கணக்குப் பார்த்தான், யாவாரம் பண்ணுனான். வேலைக்கு உண்டான சாமான் அது. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் எண்சுவடி மனப்பாடம் பண்ண வெச்சாங்க. அரைக்கால், மாகாணி, 320-ல ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பிரம்பைக் காட்டி உருப்போட வெச்சாங்க. அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. அன்னைக்குத் தானியம் அளக்க, நிலம் பிரிக்க அந்தக் கணக்கு தேவைப்பட்டுச்சு. இன்னைக்கு நம்ம புள்ள காத்துல விரலை ஆட்டி நாலு இலக்கத்தைக் கூட்டறது எதுக்குங்க? சர்டிபிகேட்டுக்கும், சொந்தக்காரங்க வந்தா கூப்பிட்டு நிறுத்திச் செஞ்சு காட்டச் சொல்றதுக்கும். வேற எதுக்குன்னு யாராச்சும் சொன்னா கேட்டுக்கறேன்.

நெல்லுக்கு யூரியாவை அள்ளி வீசுனா என்ன ஆகும்னு எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். பத்தே நாள்ல பயிர் கருகருன்னு நிக்கும். போறவன் வர்றவன் எல்லாம் "என்னங்க போட்டீங்க?"ன்னு கேட்பான். நமக்கும் பெருமையா இருக்கும். அப்புறம்தான் இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும். கதிர் வாங்குற நேரத்துல ஒரு காத்து அடிச்சா மொத்தமும் சாஞ்சிடும். உரமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன், நானும் போடறவன்தான். எப்ப, எவ்வளவுங்கறதைப் பயிரைப் பார்த்து முடிவு பண்ணணும். பக்கத்து வயலைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

பேத்தி கதைக்கு வர்றேன். ரெண்டு நாள் "போர் அடிக்குது"ன்னு அழுதா. செல்போன் கேட்டா, குடுக்கல. அவ அம்முச்சி என்னைத் திட்டுனா. மூணாம் நாள் தொட்டிக்குப் பக்கத்துல தண்ணி வழிஞ்ச இடத்துல குந்திக்கிட்டு, குச்சியில வாய்க்கால் வெட்ட ஆரம்பிச்சா. தண்ணி மேடு ஏறல. மறுபடி வெட்டுனா, கரை உடைஞ்சுது. ஓட்டுத் துண்டு எடுத்து மடை வெச்சா. ஒன்றரை மணி நேரம் தலையைத் தூக்கல. கடைசியில தண்ணி அவ நினைச்ச வாழை மரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். சட்டுன்னு என் மூஞ்சியைப் பார்த்து, "இது சரியா அப்புச்சி?"ன்னு கேட்டா.

தண்ணி வாழைக்குப் போயிருச்சு, கண்ணு முன்னாடி ஓடுது. அதைப் பார்த்துட்டும் என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கறா. என்னை உலுக்குனது அதுதானுங்க. எந்நேரமும் ஒரு மிஸ் டிக் அடிச்சுப் பழகுன புள்ளைக்குத் தன் கண்ணு மேலயே நம்பிக்கை போயிருது. கிளாஸ் தின்னுறது நேரத்தை மட்டும் இல்லீங்க.

இதை எல்லாம் மககிட்டச் சொல்லப் போக, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

"அப்பா, எனக்கு ஒன்பது வயசு இருக்கறப்ப என்னை இந்திக் கிளாஸுக்கு அனுப்புனது யாரு? மேல வீட்டுப் புள்ள போகுதுன்னுதானே அனுப்புனீங்க?"

அது நெசம். பிராத்மிக், மத்யமா ரெண்டும் பாஸ் பண்ணுனா. இன்னைக்கு ஒரு வரி பேச வராது. அப்புறம் இன்னொண்ணு கேட்டா. அதுக்கு இன்னும் என்கிட்டப் பதில் இல்ல.

"நாலே காலுக்கு வேன் கொண்டு வந்து விட்டுருது. நானும் அவரும் வீடு வந்து சேர ஆறரை ஆகுது. அதுவரைக்கும் புள்ளை எங்கப்பா இருப்பா? எனக்கு அப்பத்தா இருந்தாங்க, தெருவே இருந்துச்சு. இங்க கதவைத் திறந்தா லிப்டுதான் இருக்குது."

அப்பத்தானுங்க எனக்கு உறைச்சுது. இந்தக் கிளாஸுல பாதி படிப்புக்கே இல்ல, காவலுக்கு. அம்மா அப்பா வர்ற வரைக்கும் புள்ளையைப் பார்த்துக்க ஒரு இடம் வேணும். அது நியாயமான தேவை, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. அப்ப அதை அப்படியே சொல்லுவோமே! காவல் வேணும்னா காவலுக்குக் காசு குடுப்போம். காவல் இருக்கற நேரத்துல புள்ளை எதுக்கு லெவல் 3 பாஸ் பண்ணணும்? மூளை வளர்ச்சி, தன்னம்பிக்கை, ஒருமுகப்படுத்துதல்னு நோட்டீஸ் அடிச்சு விக்கறவன், நம்ம தவிப்பைப் புள்ளையோட குறையா மாத்திக் காட்டறான். நாமளும் "அவளுக்காகத்தான்"னு சொல்லி நம்பிக்கறோம்.

பள்ளி மணிக்கு முன்னயும் பின்னயும் நடக்கற எல்லாமே தப்புன்னு சொல்றவன் இல்ல நான். 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், மறு வருசமே தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப்பள்ளிங்களுக்கு வந்துச்சு. எங்க ஊர்ப் பள்ளியிலயும் புள்ளைங்க மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுது. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து புள்ளைங்க எழுத்தையே மறந்துபோனப்ப, 2021-ல இல்லம் தேடிக் கல்வின்னு கொண்டு வந்தாங்க. சாயங்காலம் அந்தந்தத் தெருவுல படிச்ச புள்ளைங்களே சின்னதுங்களை உட்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. இதெல்லாம் புள்ளைக்கு எது குறையோ அதைக் குடுத்துச்சு. பசிச்சவனுக்குச் சோறு போடறதும், வயிறு நிறைஞ்ச புள்ளை வாயில இன்னும் ஒரு உருண்டையைத் திணிக்கறதும் ஒண்ணாகுமா?

தெருவுக்குத் தெரு ஆள் பிடிச்சுப் பாடம் நடத்த முடிஞ்ச ஊர்ல, சாயங்காலம் ஆறரை வரைக்கும் பள்ளிக்கூட மைதானத்தைத் திறந்து வெச்சு, ரெண்டு பேரைக் காவலுக்குப் போட முடியாதா? ஒரு பந்து, ஒரு கயிறு, ஒரு லோடு மணல், குடிக்கத் தண்ணி. டீச்சர் வேண்டாம், பரீட்சை வேண்டாம். அபாகஸுக்குக் குடுக்கற பீஸை உங்க பள்ளியில பத்துப் பெத்தவங்க சேர்ந்து இதுக்குக் குடுக்கறோம்னு கேட்டுப் பாருங்க. உங்க அபார்ட்மெண்ட் சங்கத்துல "இங்கு பந்து விளையாடக் கூடாது"ன்னு போர்டு வெச்சிருந்தா, முதல்ல அதைக் கழட்டுங்க. ஓய்வும் விளையாட்டும் குழந்தையோட உரிமைன்னு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில 31-வது பிரிவே இருக்கு. 1992-ல இந்தியா ஏத்துக்கிட்ட உடன்படிக்கை அது. யார்கிட்டயும் தயவு கேக்கற சமாச்சாரம் இல்ல.

"உங்க பேத்தி, உங்க மக. எங்களுக்கு ஏன் சொல்றீங்க?"ன்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

போன வாரம் நடவுக்கு வந்த ஒரு பொம்பளை, கூலி வாங்கறப்ப தனியா வந்து நின்னுச்சு. "3,000 ரூவா முன்பணம் வேணுமுங்க."

"என்ன, ஆஸ்பத்திரிச் செலவா?"

"இல்லீங்க. பையனை அபாகஸுல சேர்க்கச் சொல்றாங்க. அவன் கூடப் படிக்கறதெல்லாம் சேர்ந்துருச்சாமா. இவன் மட்டும் பின்தங்கிருவான்னு பயமா இருக்குதுங்க."

பையன் ரெண்டாவது படிக்கறான். நல்லாத்தான் படிக்கறான். நாள் கூலி 400. ஏழரை நாள் சேத்துல இடுப்பு ஒடிய நின்னாத்தான் அந்த 3,000. அதுவும் மூணு மாசத்துக்குத்தான், அப்புறம் அடுத்த லெவல்.

வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. என் பேத்தி ஆறு கிளாஸ் போறா. "உம் பையனுக்கு எதுக்கு?"ன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? குடுத்துட்டேன். குடுத்ததுல இருந்து தூக்கம் சரியில்ல.

நீங்க கோயமுத்தூர்லயும் சென்னையிலயும் ஆரம்பிக்கறது உங்க வீட்டோட நிக்கறதில்லீங்க. பஸ் ஏறி இங்க வருது. உங்களுக்கு அது ஒரு மாசச் செலவுல ஒரு வரி. இங்க அது ஒருத்தி இடுப்பு வலி. "பின்தங்கிருவான்"ங்கற பயத்தை முதல்ல விதைச்சவங்க நீங்க, அதுல நானும் சேர்த்தி. களை எடுக்கறதையும் நாமதான் ஆரம்பிக்கணும்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த மாசம் ஒரு கிளாஸை நிறுத்துங்க, எதுவானாலும் சரி. புள்ளைக்கு நெசமாவே உசுரா இருக்கற கிளாஸ் ஒண்ணு இருந்தா அதை விட்டுட்டு, மத்ததுல ஒண்ணை. அந்த நேரத்துல வேற எதையும் வெக்காதீங்க. செல்போனையும் குடுக்காதீங்க. ரெண்டு நாள் அழும், உங்க உசுரை எடுக்கும். மூணாம் நாள் வரைக்கும் பொறுங்க.

என் மக கையெழுத்துக் கிளாஸையும் காலையில கீபோர்டையும் நிறுத்தியிருக்கா. இந்தியைப் பத்திப் பேச்சு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அந்தப் பொம்பளைகிட்ட நாளைக்குக் களை எடுக்க வர்றப்ப இதைச் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

மேலுரம் போடற நாள் வந்துருச்சு. அளவா போட்டுட்டு வர்றேன்.