டிக் அடிக்கவா பி.காம் படித்தோம்?

ஓசூரில் ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் இருக்கும். ஒன்றில், வெளியே போன சரக்கின் டி.சி.கள், ஸ்கேன் செய்தவை. இன்னொன்றில், அதே சரக்கு ப்ளேட்டிங்கோ ஹீட் ட்ரீட்மென்டோ முடிந்து திரும்பி வந்ததற்கான டி.சி.கள். போனதெல்லாம் வந்ததா என்று பார்க்க என்ன செய்கிறார்கள்? ஒரு பி.காம் பையனை உட்காரவைத்து, பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் டிக் அடிக்கச் சொல்கிறார்கள். இன்றைக்கும்!

இது சில்லறை விஷயம் இல்லை மக்களே. ஜி.எஸ்.டி. சட்டம் 143-வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்படவேண்டும். இல்லையென்றால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. வரியும் கட்டி, வட்டியும் கட்டவேண்டும். சரக்கு பத்திரமாக ரேக்கில் இருக்கும், சலான் மட்டும் காணோம். எதைக் காட்டி நிரூபிப்பது? அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கு அனுப்பினால் இன்னொரு ஜோடியும் சேரும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஜாப் ஒர்க் சரக்குக்கு, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும்.

ஜோடி இல்லாததைக் கண்டுபிடிக்கப் பத்துப் பதினைந்து வரி பைத்தான் போதும். இரண்டு ஃபோல்டரிலும் உள்ள ஃபைல் பெயர்களைப் படி, பி.டி.எஃப்., ஜேபெக் என்ற வாலை வெட்டு, ஓரத்து இடைவெளியைத் துடை. முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாததைக் காட்டு. பிறகு தலைகீழாக ஒருமுறை. அனுப்பாமலே "திரும்பி வந்த" சரக்கும் மாட்டும் :-) ஒரே நிபந்தனை: ஜாப் ஒர்க் செய்தவர் தன் நம்பர் போட்டுத்தான் டி.சி. தருவார். ஃபைலுக்கு நம் டி.சி. நம்பரைத்தான் பெயராக வைக்கவேண்டும்.

"கையால் டிக் அடித்தால்தான் கணக்கு புரியும்" என்பார்கள். முதல் இருபது சலானுக்குப் புரியும். இருநூறாவதில் கண் சொருகும். காணாமல் போனது அங்கேதான் தப்பிக்கும்.

"ஸ்கிரிப்ட் வந்தால் நம் வேலை போகும்" என்பார்கள். டிக் அடிக்கும் வேலை போகட்டுமே! ஐநூறு பீஸ் போய் முந்நூறு வந்திருந்தாலும் ஸ்கிரிப்ட் "ஜோடி சரி" என்றுதான் சொல்லும். டை, ஜிக் போன்றவற்றுக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது என்பது அதற்குத் தெரியாது. மீதி இருநூறு எங்கே என்று ப்ளேட்டிங் கடைக்குப் போன் போடவும் தெரியாது. அதுதான் கணக்குப் படித்தவன் வேலை.

பதினொன்றாம் வகுப்பிலிருந்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோம். அதுவும் ஜோடி தேடுவதுதான். அதைக் கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பீரியட் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். பி.காம் என்றால் டிக் அடிக்கப் பிறந்தவன் என்கிற இந்தக் குலக்கல்வியை எப்போது கைவிடப்போகிறோம்?